எலிக்கு எதற்குப் பாகற்காய்?

பாகற்காய் சர்க்கரையைக் குறைக்குமா? இந்தக் கேள்வி பெரும்பாலும் முதலில் எலியிடம்தான் போகிறது. ஆனால் ஆய்வகத்தில் வளரும் சாதாரண எலிக்கு ஏது சர்க்கரை நோய்? வரவழைக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். குளுக்கோஸின் சாயல் கொண்டது அது. அந்த வேடத்திலேயே கணையத்தின் பீட்டா செல்களுக்குள் நுழைந்து அவற்றை அழித்துவிடும். இன்சுலின் குறையும், சர்க்கரை ஏறும்.

பிறகு ஒரு குழுவுக்குப் பாகற்காய்ச் சாரம், இன்னொன்றுக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து, மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர். ஒப்பிட இந்தத் தண்ணீர்க் குழு இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், உடற்பரப்புக் கணக்கில் அதை 6.2 ஆல் வகுக்க வேண்டும். மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். அதுவும் செறிவூட்டிய சாரம், பொரியல் அல்ல. எலிக்குப் பலித்தது என்று படித்துவிட்டு, உங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.