போட்டோ எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

இந்த முறை நான் எழுதுவது போட்டோ பற்றி. சினிமா ஸ்டார் போட்டோ இல்லை. சிப்காட் கம்பெனியில் வேலைக்குச் சேர, ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் ஒட்ட, பாஸ்போர்ட் வாங்க என்று கேட்கிறார்களே, அந்தச் சின்னப் போட்டோ. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையாடா?" என்று சிரிக்காதீங்க. எங்க அப்பாவுக்கு அதனால் ஒரு நாள் கூலி போச்சு.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் காண்டிராக்ட் தொழிலாளி. போன வருஷம் காண்டிராக்டர் மாறியதால் புது கேட் பாஸுக்குப் போட்டோ கேட்டார்கள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல், தலை நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே ஆணியில் தொங்கிய கோட்டை மாட்டிவிட்டு எடுத்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் முகத்தை வெள்ளை வெளேர் என்று ஆக்கி, புருவத்துக்கு மேலே தீப்பொறி பட்ட தழும்பையும் அழித்துவிட்டார்கள். அம்மா பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் புது மாப்பிள்ளை?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

பாஸ் வந்த அன்று கேட்டில் செக்யூரிட்டி சிரிக்கவில்லை. பாஸைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அடுத்த ஆளோட பாஸை எடுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டாராம். சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

மறுநாள் நானே அவரை வேறு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஸ்டுடியோ அண்ணன் உடனே எடுக்கவில்லை. "அப்பாவை நல்லா தூங்க வச்சு சாயந்திரம் கூட்டிட்டு வா தம்பி" என்றார். கண் சிவந்திருந்தால் எந்த லைட்டும் காப்பாற்றாதாம். சாயந்திரம் போனபோது அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முடி வெட்டுவதை அன்றைக்கே செய்யக் கூடாது. வெட்டின ஓரத்தில் தோல் வெளுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் முன்னாடியே வெட்டிக்கணும். தினமும் தாடி வைத்திருப்பவர் தாடியோடு எடுக்கலாம், ஓரத்தை மட்டும் சரி பண்ணினால் போதும். முகத்தில் எண்ணெய் இருந்தால் ஃப்ளாஷ் வெளிச்சம் நெற்றியில் பட்டுத் திரும்பி, அந்த இடம் வெள்ளைத் திட்டாக விழும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே போதும். பவுடரை அப்பினால் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும்.

சட்டை விஷயம் முக்கியம். வெள்ளைச் சட்டைதான் கௌரவம் என்று நம்ம பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பின்னணியும் பெரும்பாலும் வெள்ளை. சட்டை அதில் கரைந்து, தலை மட்டும் தனியாக மிதக்கும்! கருநீலம், மெரூன் மாதிரி அழுத்தமான நிறத்தில் காலர் வைத்த சட்டை நல்லது. முழுச் சட்டைக்கும் இஸ்திரி போட நேரமில்லையா, காலருக்காவது போடுங்க. பாக்கெட்டில் போன், பேனா இருந்தால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், எடுத்துவிடணும்.

சுவரை ஒட்டி உட்காரக் கூடாது, பின்னாடி நிழல் விழும். முதுகு நேராக, இரண்டு காதும் ஒரே மட்டமாக இருக்கணும். ரொம்பப் பேர் மோவாயைத் தூக்கிக்கொள்வார்கள், அது முறைக்கிற மாதிரி வரும். செல்போனில் கையை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாக வருவது ஏன் தெரியுமா? கேமராவுக்குக் கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். அதனால்தான் ஸ்டுடியோ அண்ணன் ஐந்தாறு அடி தள்ளி நின்றே எடுக்கிறார். (பழைய காலப் படங்களில் தாத்தாக்கள் விறைப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அப்போது படம் பதிய நேரம் பிடிக்கும், அதுவரை ஆடாமல் இருக்கணும். கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி கூட வைப்பார்களாம்!)

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் பெரியவர்களை பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். நம்ம ஊரிலிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி, வேர்த்துக் கொட்டப் போய் நிற்போம். கைக்குட்டையும் சீப்பும் மறக்காதீங்க.

பாஸ்போர்ட் போட்டோ என்றதும் எனக்குக் கணிதமேதை ராமானுஜன் ஞாபகம் வருகிறார். அவர் 1920-இல் இறந்தார். பல வருஷம் கழித்து, இங்கிலாந்தில் பேராசிரியர் ஹார்டி அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று விஞ்ஞானி எஸ். சந்திரசேகரிடம் கேட்டார். சந்திரசேகர் 1936-இல் இந்தியா வந்தபோது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே கிடைத்தது 1919-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் படம். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பிய வருஷம் அது. முகத்தில் நோய் தெரிகிறது, கண் மட்டும் கூர்மை. ஹார்டி 1940-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. பிற்பாடு அதைப் பார்த்துத்தான் மார்பளவுச் சிலையும் செய்தார்கள். யாராவது அதை வெள்ளையாக்கி மினுக்கியிருந்தால் நமக்கு எந்த ராமானுஜன் கிடைத்திருப்பார்?

கடைசியில் அந்த ஸ்டுடியோ அண்ணனிடம் அப்பாவே சொன்னார், "கலரை மாத்தாதே தம்பி, தழும்பும் இருக்கட்டும்." புதுப் பாஸைக் காட்டினபோது செக்யூரிட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போண்ணே" என்றாராம். எட்டுக் காப்பியில் இரண்டு பாஸுக்குப் போனது. ஒன்றை அம்மா பேங்க் பாஸ்புக் கவருக்குள் வைத்திருக்காங்க. மீதி ஐந்தும் பீரோவில் இருக்கு.