தோலுக்குள் நால்வகை மூலக்கூறு

குரோம்பேட்டை என்ற பெயர், அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. பக்கத்துப் பல்லாவரம், பம்மல் பகுதிகளும் தோல் பதனிடுதலுக்குப் பேர்போனவை. உயிர் மூலக்கூறுகளின் நான்கு முக்கிய வகைகளையும் அந்தத் தொழிலுக்கு வரும் ஓர் ஆட்டுத்தோலிலேயே பார்த்துவிடலாம்.

முதலாவது கொழுப்பு. கிளிசரால் ஒன்றோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது. தண்ணீரில் கரையாது.

இரண்டாவது கார்போஹைட்ரேட். சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி. அரிசியில் அது மாவுச்சத்து. தோலிலோ நார்களுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் பசை.

மூன்றாவது நியூக்ளிக் அமிலம். செல்லின் உட்கருவில் இரட்டைச் சுருளாக இருக்கும் டிஎன்ஏ இந்த வகை. எந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்பது அதன் நான்கு காரங்களின் வரிசையில் அடங்கியிருக்கிறது.

நான்காவது புரதம். 20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் இணைந்து உருவாவது. முடியில் உள்ள கெரட்டின் ஒரு புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிவைத்திருக்கும். சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு கலந்து தோலை ஊறவைத்தால் அந்தப் பிணைப்புகள் அறுந்து முடி கழன்றுவிடும். பசையும் கொழுப்பில் ஒரு பகுதியும் அப்போதே வெளியேறும். தோலில் எஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற இன்னொரு புரதம்தான்.

கொலாஜனின் வடிவத்தை விளக்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழை அமைப்பை முன்வைத்தார். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றியிருப்பதாகக் காட்டினார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களில் அதுதான் மிகச் சிறியது. சுருளின் நெருக்கமான நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

கொலாஜனைக் கொதிக்கவைத்தால் மூன்று இழைகளும் பிரிந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டிப்படுவது அதனால்தான். பதனிடும்போது சேர்க்கும் குரோமியம் உப்பு, பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளைப் போடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் தோலைக் கொதிநீரில் போட்டாலும் எளிதில் சூப் ஆகாது.