‘கு’வுக்குப் போன சுண்டு விரல்

‘கல்முனை’யில் எழுத்து 4. பாமினி விசைப்பலகையில் அடிக்க 6 விசை. ‘மு’வின் ஷிப்டையும் எண்ணினால் 7 அழுத்தம். தமிழ்99 விசைப்பலகையிலும் 7தான். ‘சாய்ந்தமருது’ 7 எழுத்து. பாமினியில் 12 அழுத்தம். தமிழ்99இல் ‘ந்த’வுக்குப் புள்ளி தானாக விழுவதால் 11. எங்கள் பக்கம் அடிக்கடி அடிக்கும் ‘ஜனாஸா’வில் கணக்குத் திரும்புகிறது. பாமினியில் ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் ஷிப்ட் கேட்காமல் கிடைக்கின்றன: 5. தமிழ்99இல் இரண்டுக்கும் ஷிப்ட் வேண்டும்: 7. மூன்று சொல்லும் கூட்டினால் பாமினி 24, தமிழ்99 25.

வித்தியாசம் ஒரேயோர் அழுத்தம். தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99ஐ ஏற்றது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரம் 2008இல் தட்டச்சுப் பொறி வழிவந்த ரெங்கநாதன் அமைப்பை எடுத்தது. தரம் எதுவானாலும் பாமினியில் பழகிய கையை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

நேரம் போவது பிழை திருத்தத்தில். அதே மூன்று சொல்லை அம்புக்குறியால் கடந்து பாருங்கள். யுனிகோட்டில் எழுத்துக்கு ஒரு தாவலாக 14. பாமினி எழுத்துருவில் காலும் புள்ளியும் தனித்தனி உரு என்பதால் 21, ஒன்றரை மடங்கு. ‘கொ’ ஒன்றைத் தாண்டவே 3 தரம் தட்ட வேண்டும். பழைய பாமினிக் கோப்புகளில் நாள் முழுக்கத் திருத்துகிறவருக்கு நான்கு அம்புக்குறி விசைகளும் மற்ற எழுத்து விசைகளைப் போலவே முக்கியம்.

மேலே ஒன்று, கீழே மூன்று என்ற அடுக்கு 1982இல் டிஜிட்டல் நிறுவனத்தின் எல்.கே.201 பலகையோடு பரவியது. மேல் அம்புக்குறியின் இரு பக்கமும் வெற்றிடம். பாராமலே விரல் இடத்தைக் கண்டுபிடிக்கும். ஆப்பிள் 2015இல் இடம், வலம் இரண்டையும் முழு உயரமாக்கி அந்த வெற்றிடத்தை மூடியது. 2019இல் 16 அங்குல மெக்புக் புரோவில் திருப்பிக் கொடுத்தது.

சில லெப்டொப்களில் மேல் அம்புக்குறியை முழு அளவில் வைக்க வலது ஷிப்டைக் குறுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எப்போதாவதுதான் வரும். பாமினியில் கு, சு, பு, வு, று எல்லாம் இடக்கை விசைகள். ஷிப்டுக்கு வலக்கைச் சுண்டு விரல் போக வேண்டும். ‘க்கு’ வராத வாக்கியம் தமிழில் எத்தனை?

ஒரு நிக்காஹ் அழைப்பிதழில் ‘மண்டபத்துக்கு’ அடித்தேன். விரல் ஷிப்டுக்குப் பதில் அம்புக்குறியில் பட்டது. கேர்சர் மேல்வரிக்கு ஏறி, மணமகளின் வாப்பா பெயர் நடுவில் ஒரு ‘க’வை வைத்துவிட்டது. கீழே ‘மண்டபத்துக்’ என்று நின்றது. புரூஃபில் கண்டதால் தப்பியது. 500 அட்டை அச்சாகியிருந்தால் அந்த வாப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

இப்போது கடையில் லெப்டொப் பார்த்தால் முதலில் நோட்பேடைத் திறந்து, ஒரு வரி கீழே இறங்கி, கண்ணை மூடி, 20 தரம் ‘கு’ அடிக்கிறேன். ஒரு ‘க’ மேல்வரிக்குப் போனாலும் அடுத்த லெப்டொப்பைக் கேட்பேன்.