நோன்புக்கு முந்திய விழா

உலகில் உள்ள சமயங்கள் பலவும் தம்மைப் பின்பற்றுவோர்க்கு நோன்புகளை வகுத்துள்ளன. ஏகாதசியன்று உணவை விடுப்போர் உளர். இரமலான் திங்கள் முழுவதும் பகலில் நீரும் பருகாது நோன்பு நோற்போர் உளர். நோன்பு தொடங்குமுன் உற்றார் உறவினரோடு கூடி உண்டு மகிழ்தலும் மக்களிடையே பரவலாகக் காணப்படும் வழக்கமே ஆகும்.

மதுரை மாநகரின் மேற்குப் பகுதியில் காளவாசல் என்னும் இடம் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளைக்குக் காளவாசல் என்பது பெயர். இன்று அவ்விடம் பேருந்துகளும் வண்டிகளும் இடையறாது செல்லும் நாற்சந்தியாக விளங்குகிறது. புரட்டாசி பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று மதுரையில் இறைச்சிக் கடைகளின்முன் வழக்கத்தினும் மிகுதியாக மக்கள் கூடுவர். புரட்டாசி முழுவதும் புலால் உண்ணாதிருக்க எண்ணும் குடும்பத்தினர், அதற்கு முன்னர் ஒருமுறை சுவையாகச் சமைத்து உண்ண விரும்புவதே இதற்குக் காரணம். கத்தோலிக்கக் கிறித்தவரின் இல்லங்கள் பலவற்றிலும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. அவர்களுடைய தவக்காலம் ஒரு புதன்கிழமையன்று தொடங்குகிறது. அதற்கு முந்திய நாள்களில் விருந்து சமைத்து உறவினரோடு உண்பர்.

தவக்காலம் என்பது இயேசு பெருமான் பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததை நினைவுகூரும் காலமாகும். அது சாம்பல் புதனன்று தொடங்கி, உயிர்ப்புத் திருநாளாகிய ஈஸ்டருக்கு முன் முடிவடையும். அப்புதனுக்கும் ஈஸ்டருக்கும் இடையே 46 நாள்கள் உள்ளன. அவற்றுள் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்பு நாள்களாகக் கொள்ளப்படுவதில்லை. அவற்றை நீக்கினால் எஞ்சுவன நாற்பது நாள்கள்.

சாம்பல் புதன் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. மதுரை மக்கள் சித்திரைத் திருவிழாவை முழுநிலாவை ஒட்டிக் கொண்டாடுவது போலவே, ஈஸ்டர் திருநாளும் நிலவைப் பொறுத்தே அமைகிறது. மார்ச்சு 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலாவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் ஆகும். எனவே சாம்பல் புதன் பிப்ரவரி 4ஆம் நாளுக்கு முன்னரும் மார்ச்சு 10ஆம் நாளுக்குப் பின்னரும் வருவதில்லை.

முற்காலத்தில் ஐரோப்பாவில் தவக்கால விதிகள் மிகவும் கடுமையாக இருந்தன. இறைச்சி மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய் முதலியனவும் விலக்கப்பட்டிருந்தன. வீட்டில் எஞ்சியிருக்கும் இப்பொருள்கள் நாற்பது நாள் கெடாமல் இருத்தல் இயலாது. உணவை வீணாக்க மனமில்லாத இல்லத்தரசியர், நோன்புக்கு முந்திய நாள்களில் அவற்றைக் கொண்டு பலகாரங்கள் செய்து அனைவர்க்கும் அளித்தனர். சிக்கனத்தில் பிறந்த இவ்வழக்கமே நாளடைவில் பெருவிழாவாக வளர்ந்தது. 'இறைச்சியை நீக்குதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து 'கார்னிவல்' என்னும் பெயர் தோன்றிற்று என்பர் அறிஞர்.

பிரான்சு நாட்டினர் நோன்புக்கு முந்திய நாளைக் 'கொழுத்த செவ்வாய்' என்று அழைக்கின்றனர். இங்கிலாந்தில் அந்நாளில் மாவும் முட்டையும் பாலும் கலந்து, தோசை போன்ற அடைகளைச் சுடுவர். அந்நாட்டின் ஓல்னி என்னும் ஊரில் பெண்கள் வாணலியில் அடையை ஏந்திக்கொண்டு ஓடும் பந்தயம் நடைபெறுகிறது. 1445ஆம் ஆண்டில் அடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், கோயில் மணியோசை கேட்டு வாணலியோடு ஓடியதே அதன் தொடக்கம் என்பது அவ்வூரில் வழங்கும் கதை. வெனிசு நகரத்தார் முகமூடி அணிந்து உலாவினர். பிரேசில் நாட்டு மக்கள் ஆடியும் பாடியும் மகிழ்கின்றனர்.

நம் நாட்டில் கார்னிவல் விழாவுக்குப் பெயர் பெற்ற இடம் கோவா ஆகும். 1510ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை போர்ச்சுகீசியரின் ஆட்சியில் அவ்விடம் இருந்தமையால், அவர்களுடைய வழக்கம் அங்கே வேரூன்றியது. கொங்கணி மக்கள் அதனை 'இந்த்ரூஸ்' என்பர். 'நுழைவு' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த அப்பெயர், தவக்காலத்தின் வாயிலை நினைவூட்டுகிறது. சனிக்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நான்கு நாள் விழா நடைபெறும். மோமோ என்னும் வேடிக்கை மன்னராக வேடம் புனைந்த ஒருவர் ஊர்வலத்தின் முன்னே வந்து, உண்டும் பருகியும் மகிழுமாறு மக்களுக்கு ஆணையிடுவார். சிற்றூர்களில் நாட்டார் நாடகங்கள் நிகழும். சந்தோர் என்னும் ஊரில் உலக்கைகளை ஏந்தி ஆடும் பழைய ஆட்டம் ஒன்று இன்றும் ஆடப்படுகிறது.

கேரள நாட்டுச் சீரோ மலபார் கத்தோலிக்கர் இவ்விழாவை அமைதியாகக் கொண்டாடுகின்றனர். அவர்களுக்குத் தவக்காலம் திங்கட்கிழமையன்று தொடங்குகிறது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்குப் 'பேத்துர்த்தா' என்பது பெயர். அன்று குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து இறைச்சி உணவு உண்டு, பின்னர் ஈஸ்டர் வரை அதனை நீக்குவர். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையன்று, தேங்காயும் வெல்லமும் உள்ளே வைத்த கொழுக்கட்டை செய்து உண்பதும் அவர்தம் மரபு.

கோவாவில் தழைத்த கார்னிவல் மதுரைப் பகுதியில் ஏன் தழைக்கவில்லை? மதுரை போர்ச்சுகீசியரின் ஆட்சிக்கு உட்படவில்லை என்பது ஒரு காரணம். இங்கே சமயப்பணி புரிந்த துறவியர் மேற்கொண்ட வாழ்க்கைமுறை மற்றொன்று. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் இந்நாட்டுத் துறவியரைப் போலவே வாழ்ந்தார். காவியுடை உடுத்தார், புலாலையும் மதுவையும் அறவே நீக்கினார், சோறும் காய்கறியும் கொண்ட எளிய உணவை நாளுக்கு ஒருமுறை உண்டார். ஆண்டு முழுவதும் புலால் உண்ணாத ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்க்கு, இறைச்சிக்கு விடைகொடுக்கும் ஆரவார விழா பொருத்தமாகத் தோன்றியிராது அன்றோ?

நோபிலியின் வழியில் வந்தவர் அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஜான் தெ பிரித்தோ என்பது. அவரும் புலால் நீக்கிய துறவியாய்த் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து பணி செய்தார். மறவர் நாட்டில் சிறைப்பட்டு, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாளன்று ஓரியூரில் உயிர் துறந்தார். அவ்வாண்டில் அந்நாளே சாம்பல் புதனாக அமைந்தது. பிறநாட்டு நகரங்களில் விழா ஓய்ந்து நோன்பு தொடங்கிய அதே நாளில், ஓரியூரின் மணற்பரப்பில் அவர் தம் உயிரையே ஈந்தார். 1947ஆம் ஆண்டில் அவர் புனிதராக அறிவிக்கப் பெற்றார். காளவாசலிலிருந்து தேனி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள கருமாத்தூரில், அவர் பெயரால் 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்லூரி ஒன்று உளது.

ஆகவே தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடையே நோன்புக்கு முந்திய மகிழ்ச்சி, வீதியில் நிகழாமல் வீட்டினுள்ளே நிகழ்கிறது. தவக்காலத்தில் திருமணம் செய்தலைத் தவிர்ப்பது பழைய மரபாதலின், அதற்கு முன்னரே மணவிழாக்களை முடித்துக்கொள்வர். செவ்வாய்க்கிழமை இரவு விருந்துண்டபின், அடுக்களைக் கலங்களைத் துலக்கி வைப்பர். கடந்த ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் பெற்று, இல்லத்தில் வைத்திருந்த உலர்ந்த ஓலைகளைக் கோயிலில் சேர்ப்பர். அவற்றை எரித்துப் பெற்ற சாம்பலையே புதன்கிழமையன்று குருவானவர் மக்களின் நெற்றியில் சிலுவையாக வரைவார். செல்வரும் வறியவரும், முதியோரும் சிறுவரும் ஒரே வரிசையில் நின்று அதனைப் பெறுவர். மனிதன் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புவான் என்பதே அச்சாம்பல் கூறும் செய்தி.

இன்று விதிகள் மிகவும் எளிமையாகிவிட்டன. 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவற்றைத் தளர்த்தினார். இப்போது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி நாள்கள். விதி எளிதானமையால் ஒவ்வொருவரின் மனச்சான்றுக்கும் பொறுப்பு மிகுந்துள்ளது. உணவைக் குறைத்து மீதமாகும் பொருளை வறியவர்க்கு அளித்தல் தவக்காலக் கடமையாகக் கருதப்படுகிறது.

நோன்பை மறந்து விழாவை மட்டும் கொண்டாடினால் அது வெறும் கேளிக்கையாய் முடியும். பிறர் பசியை நினையாது நோன்பு மட்டும் நோற்றால் அது உடலை வருத்துவதோடு நின்றுவிடும். வயிறார உண்டு மகிழ்ந்தவனே பசியின் துன்பத்தை நோன்பில் நன்கு உணர்கிறான். அங்ஙனம் உணர்ந்தவன் பசித்தவனைக் கண்டு வாளா செல்லான். செவ்வாய்க்கிழமை விருந்தும் புதன்கிழமை நோன்பும் அடுத்தடுத்து அமைந்தமையின் பயன் இதுவே ஆகும்.