நெல் வேரின் இரும்புப் படலம்

வயலில் நீர் தேங்கியதும் மண்ணிலுள்ள ஆக்சிசனை நுண்ணுயிரிகள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பின்னர் அவை இரும்பு ஆக்சைடுகளையும் சல்பேட்டையும் பயன்படுத்துவதால், கரையும் பெரசு இரும்பும் ஐதரசன் சல்பைடும் பெருகுகின்றன. அளவு மிஞ்சினால் இரண்டும் பயிருக்கு நஞ்சு.

நெல் தன் இலைவழி பெறும் ஆக்சிசனைக் காற்றறைத் திசு வழியே வேருக்கு அனுப்புகிறது. வேரின் மேற்பகுதியில் உருவாகும் சுபெரின் தடுப்பு கசிவைக் குறைப்பதால் அது நுனிவரை சென்றடைகிறது. அங்கே வெளியேறும் ஆக்சிசன், கரைந்த இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் படியவைக்கிறது. பிடுங்கிய பயிரின் வேர் செம்பழுப்பாக இருப்பது இதனால்தான், அது நோயன்று. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால்தான் கவலை. கறுப்புக்குக் காரணம் இரும்பு சல்பைடு.

இரும்பு மிகுந்த அமில மண்ணில் இக்காப்பும் போதாமல் போகலாம். அப்போது கீழிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் பரவும், விளைச்சல் குறையும். இடையே நீரை வடித்து வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகுந்து நச்சு தணியும்.