வெள்ளைக் குட்டி வாங்கமுதல் மூக்கைப் பாருங்கள்

வெள்ளை நாய்க்குட்டி என்றால் கேட்ட விலையைக் கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கிறது. ‘பொமரேனியன்’ என்று வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ காட்போட் பெட்டிக்குள் குட்டி பஸ்ஸில் புதுக்குடியிருப்புச் சந்திக்கு வந்து இறங்கும். காசு அதற்கு முதலே போயிருக்கும். இந்த ஒழுங்கைத்தான் மாற்றச் சொல்கிறேன். வெள்ளை நிறம் ஒரு நோயல்ல. ஆனால் சில வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே செவிடு வருகிறது. தோட்டக் காவலுக்கும் கோழிக்கூட்டுக் காவலுக்கும் நாயை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சின்ன விடயமல்ல.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் கலங்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் உயிரோடிருக்க அவை வேண்டும். நிறக்கலங்கள் அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் மயிர்க்கலங்கள் அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் கேட்கும் திறன் திரும்பாது.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல என்பதுதான் வாங்குபவர் அறிய வேண்டிய முதல் விடயம். பொமரேனியன், ஸ்பிட்ஸ், லாப்ரடோர் போன்றவற்றில் பொதுவாக மயிர் மட்டுமே வெளுத்திருக்கும். நிறக்கலங்கள் தோலில் இருக்கும். மூக்கு, உதடு, கண்ணைச் சுற்றிய விளிம்பு, பாதத்தின் அடி எல்லாம் கறுப்பாக இருந்தால் பயம் குறைவு. பிறந்தவுடன் பல குட்டிகளின் மூக்கு ரோசாவாகத்தான் இருக்கும், வாரங்கள் போகப்போகக் கறுக்கும். இரண்டு மாதத்திலும் மூக்கும் கண்விளிம்பும் ரோசாவாகவே இருந்து, கண்ணும் நீலமாக இருந்தால் அந்தக் குட்டியின் காதைச் சோதிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாய் இதற்கு எங்கள் மொழிக்காரர் அறிந்த உதாரணம். 2005இல் இந்திய அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டுக் கௌரவித்த இனம் அது. பால்வெள்ளையும் ரோசா மூக்கும்தான் அதன் அழகு. செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் அந்த இனத்தில் நெடுநாளாக அறிந்த குறை. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற ஆய்வாளர் வெள்ளையில் புள்ளி விழுந்த டல்மேஷன் நாய்களை ஆயிரக்கணக்கில் சோதித்தபோது ஏறத்தாழ 30 வீதமானவற்றுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. இரண்டு காதும் கேட்காதவை 8 வீதமளவில் இருந்தன.

காதை விற்பவரின் வீட்டிலேயே சோதிக்கலாம். குட்டியைக் கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனியே விடுங்கள். மற்றது தலை தூக்கினால் இதுவும் தூக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது. குட்டி நித்திரையாகும்வரை பொறுத்து, தலைக்குப் பின்னால், அதன் கண்ணில் படாத இடத்தில் நின்று திறப்புக் கோர்வையைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று படும், காலை உதைத்தால் நிலம் அதிரும். செவிட்டுக் குட்டி அந்த அதிர்வுக்கே எழும்பிவிடும். கேட்கும் குட்டிக்குக் காதுமடல் துடிக்கும், தலை சத்தம் வந்த பக்கம் திரும்பும். சத்தம் கேட்டும் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் நாலாபுறமும் பார்த்தால் ஒரு காது கேட்காமல் இருக்கலாம். ஐந்து வாரத்துக்குக் குறைந்த குட்டியில் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

அடுத்தது வெயில். நிறமில்லாத மூக்கும் காதுநுனியும் மயிர் குறைந்த வயிறும் வன்னி வெயிலில் வெந்து சிவக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் தோற்புற்றுநோய் வரலாம். ஆறாத புண்ணைக் கண்டால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நண்பகலில் நிழலில் கட்டுங்கள். சூடென்று நினைத்து ஸ்பிட்ஸின் மயிரை ஒட்ட வெட்ட வேண்டாம், அது தோலுக்குப் பாதுகாப்பு. வெள்ளை மயிரில் உண்ணியும் தெள்ளும் இலகுவாகத் தெரியும் என்பது ஒரு நன்மை. உண்ணிக் காய்ச்சல் எங்கள் நாட்டில் பல நாய்களைக் கொல்கிறது.

அடுத்தது ஊசி. பார்வோ, டிஸ்ரெம்பர் நோய்களுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை தவணை தவணையாகப் போட வேண்டியவை. ‘ஊசி போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது, அட்டையைக் கேளுங்கள். விசர்நாய் நோய்க்கான ஊசியைச் சுகாதாரத் துறை இலவசமாகவே போடுகிறது. எப்போது, எங்கே என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். செவிட்டு நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும் விட்டுக் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

ஏமாந்தால் என்ன செய்வது? இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வியாபாரமாக விற்பவருக்கு, பொருள் சொன்ன தேவைக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்ற பொறுப்பைச் சுமத்துகிறது. தன் வீட்டு நாய் போட்ட குட்டியை விற்பவரிடம் அதே பொறுப்பை இலகுவில் சுமத்த முடியாது. அதனால்தான் எழுத்து வேண்டும். ஒரு கொப்பித் தாள் போதும்: திகதி, விலை, ‘இரண்டு காதும் கேட்கும், கேட்காவிட்டால் காசைத் திருப்பித் தருவேன்’, விற்பவரின் கையொப்பம். கையொப்பமிட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் வேண்டாம். காசு திரும்பாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. விற்றவர் வியாபாரி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். அழைப்பு இலக்கம் 1977.

செவிடென்று தெரிந்த குட்டியைப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் கொண்டுபோய் விடாதீர்கள். டிப்பரின் ஹோர்ன் அதற்குக் கேட்காது. அது கையசைவைப் பார்த்தே பழகும். ‘வா’ என்பதற்கு ஒரு சைகை, ‘இரு’ என்பதற்கு ஒன்று, இரவில் ரோர்ச் வெளிச்சம். வேலி இறுக்கமாக இருக்கட்டும். வளர்ந்ததும் கருத்தடை செய்வியுங்கள். ஒரு காது கேட்கும் நாயும் இதே குறையைத் தன் குட்டிகளுக்குக் கடத்தலாம்.