மன்னார்க் கரையிற் படம்பிடிப்போர்

மன்னாரில் இலையுதிர்காலம் உண்டா என்று ஒருவர் வினவினால், இல்லை என்பதே நேரான விடையாகும். ஐரோப்பாவில் மரங்கள் பொன்னிறங் கொண்டு இலை சொரியும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், மன்னாரிற் புல்லும் புதரும் அப்பொழுதுதான் துளிர்க்கத் தொடங்குகின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்நிலம் தனக்குரிய மழையைப் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி ஈறாகவுள்ள மாதங்களிலேயே பெறுகின்றது. மாதக்கணக்காக ஓயாது வீசிய சோளகக் காற்று புரட்டாதியில் தளர்கின்றது. வாடை தொடங்குமுன் கடலும் காற்றும் சிறிது அமைதி பெறுகின்றன. வடக்கே குளிர் மிகுவதாலும் இரை அருகுவதாலும் புறப்பட்ட நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் மன்னார்க் கரையை வந்தடையத் தொடங்குவதும் அக்காலத்திலேதான்.

பறவைகளைத் தொடர்ந்து மனிதரும் வருகின்றனர். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு ஆகிய இடங்களிலிருந்து விடுமுறை நாட்களிற் குடும்பத்தோடும் நண்பரோடும் மன்னாருக்கு வருவோரிற் பலருடைய தோளிற் படக்கருவி தொங்குகின்றது. இவர்கள் படம்பிடித்தலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், மாணவர் எனப் பலதரத்தினர். பொழுதுபோக்காக எடுக்கப்படும் படத்திற்கு என்ன பயன் இருக்கக்கூடும் என்று சிலர் கேட்பதுண்டு. நன்கு எடுக்கப்பட்ட படம் ஓர் இடத்தினது வரலாற்றின் ஒரு பக்கமாகலாம். தவறான முறையில் எடுக்க முனைந்தால், படமாக்கப்படும் உயிருக்கே கேடு விளையலாம். இவ்விரண்டையும் மன்னார்க் கரை தெளிவாகக் காட்டுகின்றது.

முதலில் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். மன்னார்த்தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுடைய ஒடுங்கிய மணற்றீவு. ஆழமற்ற நீர்ப்பரப்பின் ஊடாகச் செல்லும் ஒரு வீதியும் பாலமும் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. இப்போதுள்ள பாலம் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் கடலில் வரிசையாகக் கிடக்கின்றன. இடைப்பட்ட தூரம் 30 கிலோமீற்றர் அளவினதே. ஆதலின், இந்தியக் கரையோரமாகத் தெற்கே வரும் பறவைகளுக்கு மன்னார் இலங்கையின் வாயிலாக அமைந்துள்ளது. இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்காவரை பெருங்கடலே உள்ளது. நெடுவழி வந்த பறவைகளுட் பலவற்றுக்கு இதுவே பயணத்தின் எல்லை.

பெருநிலப் பக்கத்திலும் வீதியின் இரு மருங்கிலும் பரந்துள்ள வங்காலைப் பகுதி 2008-ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. உப்புவெளி, சேற்றுநிலம், கண்டற்காடு, மணற்குன்று, ஆழமற்ற கடல் ஆகியன அடுத்தடுத்து அமைந்திருப்பதே அதன் சிறப்பு. பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, மூக்கன், ஆலா, கடற்காகம் என வெவ்வேறு உணவை நாடும் பறவைகள் ஒரே வெளியில் ஒன்றையொன்று நெருக்காது மேய்கின்றன. இவற்றுட் சில எவ்வளவு தொலைவு செல்வன என்பதற்கு ஒரு சான்று கூறலாம். மன்னாரிற் கருவி பொருத்தி விடப்பட்ட ஹியூக்ளின் கடற்காகங்களைச் செய்மதி வழியாகப் பின்தொடர்ந்த கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையை நாடிச் செல்வதை 2021-ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர்.

இத்தகைய நெடும்பயணத்தை முடித்து வந்த பறவையின் நிலை யாது? தன் உடலிற் சேர்த்துவைத்திருந்த கொழுப்பிற் பெரும்பகுதியை அது வழியிலேயே செலவிட்டிருக்கும். திரும்பிச் செல்லும் பங்குனி, சித்திரைக்குள் இழந்ததை மீண்டும் சேர்த்தல் வேண்டும். பூநாரையை எடுத்துக்கொள்வோம். அது தலையை நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றது. பல மணிநேரம் பொறுமையாகச் செய்ய வேண்டிய தொழில் அது. படம்பிடிப்பவர் ஆர்வ மிகுதியால் சேற்றில் இறங்கி முன்னே நடந்தால், மேய்ச்சல் நின்றுவிடும். கழுத்துகள் நிமிரும். பின்னர் கூட்டம் முழுவதும் ஒரு புறமாக நடக்கத் தொடங்கும். அதன் பின்னும் அவர் நெருங்கினால் அவை எழுந்து பறக்கும். பாரமான உடலுடைய பூநாரை நின்ற நிலையிலிருந்து எழ இயலாது. நீரின் மேற் சில அடி தூரம் ஓடியே எழும். அதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகின்றது. ஒரு நாளில் ஒருவர் மட்டும் இவ்வாறு செய்தாற் பெருங்கேடு இல்லை. விடுமுறை நாளொன்றில் இருபது பேர், ஒருவர்பின் ஒருவராக, அதே கூட்டத்தை எழுப்பினால் அப்பறவைகள் உண்பது எப்போது?

சிவந்த சிறகுகள் விரிய ஒருங்கே எழும் கூட்டத்தின் படம் கண்ணைக் கவரும் என்பதை மறுப்பதற்கில்லை. அதற்காகவே கல்லெறிவோரும் கைதட்டுவோரும் உண்டு. ஆளில்லாச் சிறு பறப்புக் கருவிகளை அனுப்புவோரும் உண்டு. அவற்றை மேலே கண்ட பறவைகள் பருந்தைக் கண்டாற்போல் அஞ்சுகின்றன. பறவைகளை நன்கறிந்தவர் இத்தகைய படத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே அது விரட்டி எடுக்கப்பட்டது என்று கூறிவிடுவர். பறவைகள் யாவும் படம்பிடிப்பவருக்குப் புறங்காட்டிப் பறந்துகொண்டிருப்பதே அதற்கு அடையாளம்.

நெருங்காமல் நல்ல படம் எடுப்பது எவ்வாறு? முதல் விதி விடியுமுன் சென்று சேர்தல். சூரியன் ஏறியதும் உப்புவெளி சூடேறிக் கானல் எழும். கானலின் ஊடாக எவ்வளவு விலையுயர்ந்த தொலைவில்லை கொண்டு எடுத்தாலும் பறவையின் உருவம் நீரில் அலையும் நிழல்போலவே பதியும். ஆகவே, ஒன்பது மணிக்குப் பின் வந்தவருக்குக் கருவியின் வலிமை கைகொடாது. இரண்டாவது விதி வாகனத்தை விட்டு இறங்காதிருத்தல். வீதியோரத்தில் நிற்கும் வாகனத்திற்குப் பறவைகள் பழகியுள்ளன; அதிலிருந்து இறங்கும் மனித உருவத்தையே அவை அஞ்சுகின்றன. இயந்திரத்தை நிறுத்தி, சன்னலின் மீது மணல் நிரப்பிய ஒரு சிறு பையை வைத்து, அதன்மேற் கருவியைத் தாங்கி அமர்ந்திருத்தல் போதும். பெரும்பாலும் அரைமணி நேரத்துள் மேய்ந்தவாறே பறவைகள் தாமாகவே அருகில் வரும்.

மூன்றாவது விதி ஒளியளவு பற்றியது. படக்கருவியின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளவிடும். ஆதலின், ஒளி மிகுந்த உப்புவெளி முழுவதும் படத்தில் மங்கித் தோன்றும். கருநீல நீரின்முன் நிற்கும் வெண்பறவையோ இறகின் வரியெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். முன்னதற்கு ஒளியைச் சற்றுக் கூட்டுதலும், பின்னதற்குச் சற்றுக் குறைத்தலும் வேண்டும். உப்புக் காற்றில் வில்லையின்மேற் படியும் மணலை உடனே துணியால் துடைத்தல் ஆகாது, கண்ணாடி கீறப்படும். முதலிற் காற்றால் ஊதி நீக்கிய பின்னரே துடைத்தல் வேண்டும்.

குடும்பத்தோடு வருபவருக்கு இவ்வளவு பொறுமை இயலுமா என்று கேட்கலாம். வாகனத்தில் உள்ளோர் யாவருக்கும் ஒரு பணி இருந்தால் இயலும். சிறுவரிடம் தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் கொடுத்தல் நன்று. பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று முதலிற் பார்த்து, அவ்வளவைக் கொண்டு கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் முறையை அவர்கள் விரைவிற் கற்றுக்கொள்வர். சாம்பல் நிறப் பூநாரை எவை, சிவந்தவை எவை என்று பிரித்து எண்ணும்படியும் கூறலாம். சாம்பல் நிறத்தன இளம்பறவைகள். உணவிலிருந்து பெறும் நிறப்பொருளால் அவை சில ஆண்டுகளிற் சிவப்பேறும். பெரியவர்கள் காற்றின் திசையையும் மழை பெய்த நாளையும் சொல்ல, அவையும் குறிப்பேட்டில் ஏறும். இவ்வாறு எழுதப்படும் எண்ணிக்கைகளை இ-பேர்ட் என்னும் இணையப் பதிவேட்டிற் சேர்க்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. நாளும் இடமும் குறிக்கப்பட்ட மங்கலான படமும் அங்கே சான்றாகும்; அவை குறிக்கப்படாத அழகிய படத்துக்கு அச்சிறப்பு இல்லை.

பறவைகளைப் பார்த்து முடிந்த பின்னும் பகற்பொழுது எஞ்சியிருக்கும். மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் வருவோர் யாவரையும் ஈர்ப்பது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். வளர்ந்தவர் பன்னிருவர் கைகோத்து நின்றாலே அதனைச் சுற்றி வளைக்க முடியும். குடும்பமும் நண்பரும் ஒன்றுசேர்ந்து செய்யத்தக்க அளவீடு இது. மரத்தை மட்டும் எடுத்த படத்தில் அதன் பருமை புலப்படாது. மனிதரோடு சேர்த்தெடுத்த படத்திலேயே புலப்படும்.

தீவினூடே மேற்காகச் சென்றால் பேசாலைக் கரையில் மீன் உலர்த்துவோரையும் வலை செப்பனிடுவோரையும் காணலாம். பறவைக்குக் காட்டும் மரியாதை இங்கு மனிதருக்கும் உரியது. கேட்டு, இசைவு பெற்று, பின்னரே எடுத்தல் முறை. எடுத்த படத்தை அச்சிட்டு அடுத்த ஆண்டு கொண்டுவந்து கொடுப்பது அதனினும் சிறந்தது. இக்கரையில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. போர்க்காலத்திற் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். 1990-ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். உடுத்த துணியோடு புறப்பட்டவர்கள் படத்தொகுப்புகளைச் சுமந்து செல்லவில்லை. 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றில், திருமணப் படமோ மறைந்த பெற்றோரின் படமோ ஒன்றேனும் எஞ்சியிருப்பதில்லை. அத்தகைய வீட்டிற்கு ஒரு நல்ல படம் எத்துணை பெறுமதியுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் வங்காலையைக் கடந்து கரையோரமாகத் தெற்கே செல்பவர் அரிப்பை அடைவர். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகப் பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை அங்கே இடிந்து நிற்கின்றது. கடல் கரையை அரிக்க, அதன் சுவர்கள் சிறிது சிறிதாக விழுகின்றன. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் அதனைப் படமெடுத்துவரும் ஒருவர், கடல் எவ்வளவு முன்னேறியது என்பதைப் பிறர் அளந்தறிய உதவுகின்றார். அவர் இதற்கென ஒரு செலவும் செய்ய வேண்டியதில்லை. சென்ற ஆண்டுப் படத்தைக் கையிற் கொண்டுவந்தாற் போதும்.

பொழுதுபோக்கிற் பிறந்த பதிவு எவ்வளவு நிலைத்து நிற்கும் என்பதற்குத் தமிழகத்தில் மா. கிருஷ்ணன் சான்றாவார். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த அவர், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த படக்கருவியோடு காடுகளிற் காத்திருந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ஆம் ஆண்டு தொடங்கிய தம் இயற்கைக் குறிப்புகளை இறுதிவரை எழுதினார். கருவியின் குறையைக் காத்திருப்பால் ஈடுசெய்தவர் அவர்.

மன்னார்க் கரை மாறிக்கொண்டே வருகின்றது. தீவின் தென்கரையில் 2020-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட காற்றாலையின் முப்பது சுழலிகள் இன்று தொலைவிலிருந்தே தெரிகின்றன. மின்விசையும் வேண்டும், பறவைகளின் வான்வழியும் காக்கப்பட வேண்டும் என்ற வழக்கிற் பல தரப்பினரும் தத்தம் நியாயங்களைக் கூறுகின்றனர். இவ்வழக்கு எவ்வாறு முடியினும், எந்த ஆண்டு எந்தக் குளத்தில் எத்தனை பறவைகள் நின்றன என்ற கேள்வி எழாமல் இராது. அதற்கு விடை கூறத்தக்கவர்களுள், ஐப்பசி விடியலில் வீதியோரம் வாகனத்தை நிறுத்தி, பிள்ளைகளின் குறிப்பேட்டில் நாளையும் இடத்தையும் எழுதச்செய்த பொழுதுபோக்குப் படம்பிடிப்பாளரும் ஒருவராவார். அவர் திரும்பிச் சென்ற பின்னும் பூநாரைகள் அதே நீரில் தலைகவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்குமாயின், அவர் எடுத்த படம் குறையற்றது எனலாம்.